ரேகை விழாத கை

ரேஷன் கடையில வேலைன்னு சொன்னதும் உன் முகம் கொஞ்சம் சுருங்குச்சு பாரு தங்கச்சி. பரவால்ல. எனக்குப் பழக்கந்தான். இருபத்திரெண்டு வருஷமா பாக்கற முகம். எடையில கை வைக்கறவ, சர்க்கரைய ஒதுக்கறவ, அதானே நினைப்பு. நான் அப்படியில்ல. அரிசி குறைஞ்சுதுன்னு ஒருத்தரும் என் கடை வாசல்ல வந்து நின்னதில்ல. எதுக்குச் சொல்றேன்னா, அப்படிப்பட்டவளத்தான் இன்னைக்கு இவ்வளவு தூரத்துல தூக்கிப் போட்டிருக்காங்க. தினம் ரெண்டு பஸ் மாறணும். விருத்தாசலம் போய்ச் சேர இன்னும் முக்கா மணி நேரம் ஆகும். உனக்குக் கேக்கறதுக்குப் பொறுமை இருந்தா சொல்றேன்.

ஊர் பேர் மட்டும் வேணாம். விசாரணை இன்னும் முடியல. முந்திரிக்காட்டு ஊர்னு வச்சுக்க.

அங்க பூங்காவனம்னு ஒருத்தி. என்னைவிட ஏழெட்டு வயசு மூத்தவ. ஆனா பேர் சொல்லித்தான் கூப்பிடுவேன். தராசுக்கு இந்தப் பக்கம் உக்காந்துட்டா எதிர்ல நிக்கறவங்க வயசு கண்ணுக்குத் தெரியறதில்ல. அவ என்னைக் கடக்காரம்மாம்பா. புருஷன் செத்து ரொம்ப வருஷமாச்சு. புள்ளைங்க இல்ல. கூட இருக்கறது கூடப்பிறந்த தங்கச்சி, தெய்வானை. அதுக்குச் சின்ன வயசுல வந்த காய்ச்சல்ல ரெண்டு காலும் விளங்காமப் போச்சு. வாசப்படி தாண்டாது. உதவித்தொகைக்கு எழுதிப் போட்டாங்க, அது எங்கயோ கிடக்குது. அக்கா முந்திரிக் கம்பெனியில கொட்டை உடைப்பா. சாயங்காலம் வரும்போது கூலிக்கு உரிக்க முந்திரிப்பருப்பு வாங்கிட்டு வருவா. தங்கச்சி உக்காந்த இடத்துலயே அதுக்கு மேல இருக்கற மெல்லிசுத் தோலை உரிச்சுக் குடுக்கும். ரெண்டு பேரும் இப்படித்தான் ஓட்டிக்கிட்டிருந்தாங்க. மிச்சத்துக்கு நம்ம கடை.

அவங்களுது முப்பத்தஞ்சு கிலோ கார்டு. ரொம்ப இல்லாதப்பட்டவங்களுக்குன்னு கவர்மெண்டு குடுக்கறது. வீட்ல ஒருத்தரோ எட்டுப் பேரோ, கார்டுக்கு முப்பத்தஞ்சு கிலோ அரிசி, இலவசமா. இந்தத் திட்டம் இல்லன்னா எங்க ஊர்ல பாதி அடுப்பு எரியாது. இத நான் யாருக்கு முன்னாடி வேணாலும் சொல்லுவேன்.

கார்டை மிஷின்ல காட்டுனா போதும்னு இருந்த காலத்துல ஒரு தொந்தரவும் இல்ல. அப்புறம் விரல் வைக்கணும்னு ஆச்சு. கார்டுல பேர் இருக்கற யாராவது ஒருத்தர் வந்து விரல் வைக்கணும், ரேகை ஒத்துப்போனாத்தான் சீட்டு வரும், சீட்டு வந்தாத்தான் அரிசி. நல்லதுதான். ஒருத்தர் அரிசிய இன்னொருத்தர் வாங்கிட்டுப் போறதெல்லாம் நின்னுச்சு. நான் குறை சொல்லல.

முந்திரி உடைக்கற கைய நீ பாத்திருக்கியா? கொட்டையோட ஓட்டுக்குள்ள ஒரு எண்ணெய் இருக்குது. பட்டா தோல் வெந்துரும். சாம்பலத் தொட்டுக்கிட்டுத்தான் உடைப்பாங்க, இருந்தாலும் கருத்து, தடிச்சு, உரிஞ்சு, விரல் நுனியெல்லாம் வழுவழுன்னு ஆயிரும். பூங்காவனம் முப்பது வருஷமா உடைக்கறவ. ஆடி மாசம் மொத மொத மிஷின்ல விரல் வச்சா. செவப்பு லைட்டு. துடைச்சுட்டு வச்சா. செவப்பு. பத்து விரலையும் வச்சுப் பாத்தோம்.

அந்த மாசம் நான் குடுத்துட்டேன். ரேகை விழாதவங்களுக்கு நோட்டுல எழுதி, கையெழுத்து வாங்கிட்டுக் குடுக்கலாம்னு சர்க்குலர் இருந்துச்சு. இல்லன்னு நான் சொல்லல. ஆனா அந்த மாசக் கடைசியில மீட்டிங் போட்டாங்க. எங்க வழங்கல் ஆபீசர் எல்லாக் கடைக்காரங்களையும் உக்கார வச்சு, எந்திரிம்மான்னு என்னை மட்டும் எழுப்பி நிறுத்துனாரு. "உன் கடையில மட்டும் ஏன் இத்தனை பேர் நோட்டுல வாங்கறாங்க? வித்துத் திங்கறியா?" அறுபது பேர் முன்னாடி. "அடுத்த மாசம் உன் நோட்டுல ஒரு பேர் இருக்கக் கூடாது" அப்படின்னாரு. வாயிலதான் சொன்னாரு. எழுத்துல ஒண்ணும் குடுக்கல. இப்ப விசாரணையில கேட்டா, நான் அப்படிச் சொல்லவே இல்லங்கறாரு.

ஆவணி மாசம் பூங்காவனம் சாக்கை மடிச்சுக்கிட்டு வந்தா. விரல் வச்சா. விழல. "நோட்டை எடும்மா, கைநாட்டு வைக்கறேன்"னா. நான் சொன்னேன், "இனிமே நோட்டு கிடையாது. தாலுக்கா ஆபீஸ் போய் லெட்டர் வாங்கிட்டு வா." போனா. ஒரு நாள் கம்பெனி வேலை போச்சு. இ-சேவை மையத்துல ரேகையப் புதுப்பிச்சுட்டு வான்னு அங்க சொல்லியிருக்காங்க. அங்க போனா, அந்த மிஷின்லயும் விரல் விழல. விழலன்னு எழுதிக் குடுங்கன்னு கேட்டிருக்கா. அப்படி எழுதிக் குடுக்கற பழக்கம் இல்லன்னுட்டாங்க. திரும்பி என்கிட்டதான் வந்தா. அவளுக்கு வேற யாரு இருக்கா?

எனக்கு மனசு கேக்கல தங்கச்சி. இத யாரும் நம்ப மாட்டேங்கறாங்க, எனக்கு மனசு கேக்கல. அதனாலதான் ஒரு யோசனை சொன்னேன். எங்க பெரியம்மா மக சுண்ணாம்புக் காளவாயில வேலை செஞ்சவ, வேலைய விட்டு ஒன்றரை மாசத்துல கை பூப்போல ஆயிருச்சு. அத நினைச்சுதான் சொன்னேன். "பூங்காவனம், கொஞ்ச நாளைக்குக் கொட்டை உடைக்காத. தினம் தேங்காயெண்ணெய் தேய். பழைய தோல் உரிஞ்சு புதுத்தோல் வரும். ரேகை தானா வந்துரும்." அவ என் முகத்தையே பாத்தா. டாக்டர் சொன்னா கேக்கற மாதிரி கேட்டுக்கிட்டா. "எத்தனை நாளும்மா?"ன்னா. "ஒரு மாசம்"னேன்.

மறுநாள்லேர்ந்து வேலைக்குப் போகல.

இப்ப எல்லாரும் கேக்கறாங்க, வேலைக்கும் போகாம ரேஷனும் இல்லாம எதைச் சாப்பிடுவான்னு யோசிக்கலையான்னு. யோசிக்காம என்ன? கேட்டேன். "வீட்ல அரிசி இருக்கா?"ன்னு கேட்டேன். "இருக்குதும்மா"ன்னா. இருக்குன்னு சொன்னா இருக்குன்னுதானே நினைக்க முடியும்? அக்கா கம்பெனிக்குப் போகலன்னா தங்கச்சிக்கு யாரு பருப்பு கொண்டாந்து குடுப்பாங்கறது மட்டும் எனக்கு அப்பத் தோணல. அதுவும் நின்னுபோச்சுன்னு பின்னாலதான் தெரிஞ்சுது.

தினம் கடைக்கு வருவா. காலையில நான் ஷட்டரைத் தூக்கும்போது நின்னுக்கிட்டிருப்பா. கைய விரிச்சுக் காட்டுவா. "பாரும்மா, வருதா?" நான் கண்ணாடியப் போட்டுக்கிட்டு வெளிச்சத்துல புடிச்சுப் பாப்பேன். மொத வாரம் ஒண்ணும் இல்ல. அப்புறம் தோல் உரிய ஆரம்பிச்சுது. உள்ளங்கையில செவப்பு தெரிஞ்சுது. "வருது பூங்காவனம், வருது"ம்பேன். சிரிப்பா. நிஜமாச் சொல்றேன், அவ கையப் பாத்த மாதிரி எம்மக கையக்கூட நான் பாத்ததில்ல.

வந்தவ சும்மா போகமாட்டா. துடைப்பத்தை எடுத்துக் கடையக் கூட்டுவா. நான் கூட்டச் சொல்லல. அவளா செஞ்சா. மூட்டை பிரிக்கும்போது, எடை போடும்போது கீழ நாலு சிந்தும் இல்லையா, அத ஓரமா ஒதுக்கி முந்தானையில முடிஞ்சுக்குவா. மண்ணும் உமியுமா ஒரு கைப்பிடி, ரெண்டு கைப்பிடி. கோழிக்குன்னு நினைச்சேன். அவ வீட்ல கோழி இல்லன்னு அப்புறம் யாரோ சொன்னாங்க. நான் பாத்தும் பாக்காத மாதிரி இருந்துட்டேன். என் இடத்துல வேற எவளாவது இருந்தா கணக்குல இடிக்கும்னு புடுங்கியிருப்பா.

புரட்டாசியில ஆபீசர் திடீர்னு கடைக்கு வந்தாரு. தரையப் பாத்தாரு. "இவ்வளவு சிந்துது, தார்ப்பாய் விரிக்கத் தெரியாதா? மக்களோட அரிசிம்மா இது" அப்படின்னாரு. அதுவும் நியாயந்தானே. அன்னைக்கே தார்ப்பாய் வாங்கித் தராசுக்கடியில விரிச்சேன். சிந்துனது எல்லாம் திரும்ப மூட்டைக்கே போச்சு. பூங்காவனம் அதுக்கப்புறமும் வந்து கூட்டுனா. கூட்டறதுக்கு ஒண்ணும் இல்ல, வெறும் தரை. கூட்டிட்டுத் துடைப்பத்தை மூலையில வச்சுட்டுப் போவா. ஒரு நாள்கூட ஒரு வார்த்தை கேக்கல.

அவ இளைச்சுட்டான்னு நான் கவனிக்கலையான்னு விசாரணைக்கு வந்த அதிகாரியம்மா கேட்டாங்க. நான் கையத்தானே பாத்துக்கிட்டிருந்தேன். கை நல்லாத்தான் ஆயிக்கிட்டு வந்துச்சு.

தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னாடி. கடையில நல்ல கூட்டம். அவளும் வரிசையில நின்னா. அன்னைக்கு மிஷின்ல வச்சுப் பாத்துரலாம்னு ரெண்டு பேரும் பேசி வச்சிருந்தோம். அவ முறை வந்துச்சு. வலது கைக் கட்டைவிரல், செவப்பு. ஆள்காட்டி விரல், செவப்பு. பின்னால நின்னவங்க "சீக்கிரம்மா, சீக்கிரம்மா"ங்கறாங்க. இடது கை மோதிர விரல் வைக்கும்போது மிஷின் கொஞ்ச நேரம் யோசிச்சுது. அதுக்கு முன்னாடி எந்த விரலுக்கும் அது அப்படி யோசிச்சதில்ல. அப்புறம் செவப்பு. "பாத்தியா, கிட்டக்க வந்துருச்சு. இன்னும் பத்து நாள் பொறுத்துக்க"ன்னேன். அவ ஓரமா நகர்ந்து சுவத்தைப் புடிச்சுக்கிட்டு நின்னா. கூட்டம் குறைஞ்சதும் கிட்ட வந்து மெதுவாக் கேட்டா. "கடக்காரம்மா, ஒரு ரெண்டு கிலோ மட்டும் குடு. ரேகை விழுந்ததும் அதுல கழிச்சுக்க." நான் மிஷினைக் காட்டுனேன். "இதுல எவ்வளவு இருப்புன்னு கிராம் சுத்தமாக் காட்டுது. எப்படிக் குடுக்கறது, நீயே சொல்லு"ன்னேன். அவ மிஷினைப் பாத்தா. "சரிதாம்மா"ன்னுட்டுப் போயிட்டா.

மூணாம் நாள் காலையில குழாயடியில குடத்தோட விழுந்துட்டா. தூக்கும்போதே உயிர் இல்ல.

நெஞ்சு வலி. டாக்டரே எழுதிக் குடுத்திருக்காரு. பட்டினின்னு ஒரு காயிதத்துலயும் இல்ல. நீ எங்க வேணாலும் கேட்டுப் பாரு, நெஞ்சு வலின்னுதான் இருக்கு.

ஆனா ஊர்ல சும்மா விட்டாங்களா? எவனோ போன்ல படம் எடுத்து ஊரெல்லாம் அனுப்பிட்டான். அவ வீட்டுப் பானை, அதுல நாலு பலாக்கொட்டை. எங்க பக்கத்துல பலாக்கொட்டைய மண்ணுல புதைச்சு வச்சு மழைக்காலத்துல வேவிச்சுத் திம்பாங்க, எல்லார் வீட்லயும் உள்ளதுதான். அதப் போய்ப் படம் எடுத்தா? மறுநாளே ரெண்டு ஜீப்பு வந்துருச்சு. சின்ன வயசுல ஒரு பெரிய அதிகாரி, எங்க ஆபீசர், இன்னும் நாலஞ்சு பேர். அந்தப் பெரிய அதிகாரி கடைக்கு வந்து நின்னு, "மிஷினை எடுத்துக்கிட்டு வாங்கம்மா"ன்னாரு. "வெளிய கொண்டுபோகக் கூடாதுங்க சார்"னு சொன்னேன். "யார் சொன்னது?"ன்னாரு. நான் எங்க ஆபீசரைப் பாத்தேன். அவரு வேப்பமரத்தைப் பாத்துக்கிட்டிருந்தாரு.

கடைக்கும் அவ வீட்டுக்கும் எவ்வளவு தூரம்கற? ஒரு தெரு. கோயிலைத் தாண்டித் திரும்புனா நாலாவது வீடு. இருபத்திரெண்டு வருஷத்துல நான் அந்தத் தெருவுக்குள்ள போனதில்ல. போக வேண்டிய வேலை வரல, அவ்வளவுதான்.

தெய்வானை உள்ள சுவத்துல சாஞ்சு உக்காந்திருந்துச்சு. அக்கா ஜாடை, ஆனா சின்ன உருவம். அந்த அதிகாரி கீழயே உக்காந்துட்டாரு. "அம்மா, இதுல ஒரு விரல் வைங்க"ன்னாரு. அது என்னைப் பாத்துச்சு. நான் மிஷினைக் கிட்டக்கக் கொண்டுபோனேன். கொட்டை உடைக்காத கை பாரு, எண்ணெய் படாத கை. வச்சுது. பச்சை லைட்டு. ஒரு மூச்சு விடற நேரம்கூட ஆகல. சீட்டு சர்ருன்னு வெளிய வந்துச்சு.

அப்பதான் தெய்வானை சொல்லுச்சு. கோவமாச் சொல்லல. "அக்கா உங்ககிட்டக் கேட்டாளாமே. மிஷினை ஒரு நாள் வீட்டுக்குக் கொண்டாந்தா என் விரலை வைக்கலாம்னு. வெளிய எடுக்கக் கூடாதுன்னீங்களாம்."

கேட்டாளா? எனக்கு ஞாபகமே இல்ல தங்கச்சி. ஒரு நாளைக்கு இருநூறு பேர் வர்ற இடம். ஆயிரம் கேப்பாங்க. கேட்டிருந்தாலும் கேட்டிருப்பா. ஆவணியில கேட்டாளா, புரட்டாசியில கேட்டாளா, எப்பக் கேட்டா? எத்தனையோ நாள் உக்காந்து யோசிச்சுப் பாத்துட்டேன். கைய விரிச்சுக்கிட்டு நிக்கறதுதான் வருது. வாய் அசையறது வரல.

அதிகாரி எல்லாத்தையும் எழுதிக்கிட்டாரு. அரிசிய உடனே கொண்டாரச் சொன்னாரு. ஊர் ஆளுங்க ரெண்டு பேர் முப்பத்தஞ்சு கிலோவையும் தூக்கிட்டு வந்து நடுவீட்ல இறக்குனாங்க. அது அந்த மூட்டையத் தொட்டுப் பாத்துட்டு, "இவ்வளவு அரிசிய வச்சுக்கிட்டு நான் ஒருத்தி என்ன பண்றது?"ன்னு கேட்டுச்சு. யாரைக் கேட்டுதுன்னு தெரியல. "உங்களுக்கு உண்டானதும்மா, மாசாமாசம் வரும்"னு அதிகாரி சொன்னாரு. அப்புறம் ஜீப்பு எல்லாம் போயிருச்சு.

என்னை ஒரு வாரத்துல மாத்துனாங்க. மெமோ வேற. எங்க ஆபீசர் அதே நாற்காலியில அப்படியே உக்காந்திருக்காரு. நான் சர்க்குலரை மதிக்கலையாம். எந்தச் சர்க்குலரை மதிச்சதுக்கு எழுப்பி நிறுத்தித் திட்டுனாங்களோ, அந்தச் சர்க்குலரை மதிக்கலையாம். இத எங்க போய்ச் சொல்றது?

இப்ப எங்க ஜில்லாவுல வயசானவங்களுக்கும் நடக்க முடியாதவங்களுக்கும் வண்டியிலயே கொண்டுபோய்க் குடுக்கறோம். மிஷினும் தராசும் வண்டியிலயே இருக்கும். புதுக் கடையில எனக்கு நாப்பது வீடு. ஒவ்வொரு வீட்டுக்கும் போய், பேர் கேட்டு, விரல் வச்சு, அளந்து கொட்டிட்டு வரேன். வெளிய எடுக்கலாமான்னு இப்ப யாரும் கேக்கறதில்ல.

இறங்கற இடம் வந்துருச்சா? இல்ல, இது மங்கலம்பேட்டை. இன்னும் இருக்கு.

ஒண்ணு சொல்லாம விட்டுட்டேன். இத விசாரணையிலயும் சொல்லல, அவங்க கேக்கல. அன்னைக்கு ஜீப்பு போனதுக்கப்புறம் நானும் கிளம்புனேன். வாசல்ல செருப்பு மாட்டும்போது பாக்கறேன், அந்தப் பொண்ணு தவழ்ந்து போய் மூட்டை வாயைப் பிரிக்க முடியாம இழுத்துக்கிட்டிருக்குது. அடுப்பு வேற உயரத்துல இருக்கு. அக்காதான் ஆக்கிப் போடுவா போல. திரும்பி உள்ள போனேன். மூட்டையப் பிரிச்சு, ஒரு ஆழாக்கு எடுத்துக் கல்லு பொறுக்கிக் களைஞ்சு உலையில போட்டேன். வடிச்சு, ஒரு தட்டுல போட்டு அது முன்னாடி வச்சேன். உப்புத்தான் இருந்துச்சு.

அது சாப்பிடல. கையூனி நகர்ந்து போய் இன்னொரு தட்டை எடுத்துட்டு வந்துச்சு. தன் சோத்துல பாதிய எடுத்து அதுல போட்டு என் பக்கம் தள்ளுச்சு. "அக்கா தட்டு. கழுவித்தான் வச்சிருக்கு. சாப்பிடுங்க"ன்னுச்சு.

நான் சொன்னேன், "வேணாம்மா, எங்க வீட்ல ரேஷன் அரிசி பழக்கமில்ல. வயித்துக்கு ஒத்துக்காது."

உள்ளதத்தானே சொன்னேன்? நாங்க மளிகைக்கடை அரிசிதான் வாங்கறோம். சும்மா சாப்பிட்டேன்னு சொல்லிட்டு வந்திருக்கலாம், ஒரு வாய் வச்சிருக்கலாம், இப்ப ஆயிரம் தோணுது. அன்னைக்கு அதுதான் வாயில வந்துச்சு.

அது அந்தத் தட்டை இழுத்துக்கிட்டுச் சோத்தைத் திரும்பப் பானையில போட்டுச்சு. தட்டுல நாலஞ்சு பருக்கை ஒட்டிக்கிட்டிருந்துது. அதையும் ஒவ்வொண்ணா விரலால எடுத்துப் போட்டுச்சு.